தொட்டி மண்ணும் லாரித் தண்ணீரும்

கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ கேளம்பாக்கத்திலோ மொட்டைமாடியில் கத்தரிச்செடி வைத்திருப்பவர், பெரும்பாலும் ஒரு காலத்தில் பயிர் விளைந்த நிலத்துக்கு முப்பது நாற்பதடி மேலே நின்றுகொண்டுதான் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார். வயலை மனையாக்கினோம். மனையில் வீடு கட்டினோம். இப்போது அந்த வீட்டின் தலைமேல் மண்ணைச் சுமந்துகொண்டுபோய்ப் பையில் நிரப்பி, "நாங்களே விளைவிச்சது" என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்படக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பிஞ்சு விட்ட செடியைப் பார்த்து மகிழாத மனசு என்ன மனசு? ஆனால் அந்தப் பிஞ்சுக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் மகிழ்வது முறையாகாது.

செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோதும் அந்தப் பெயர் கூடவே வந்தது. மதுராந்தகம் ஏரி, நகரை ஒட்டிய கொளவாய் ஏரி, இன்னும் வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய சிற்றேரிகள், தாங்கல்கள். பாலாறு இந்த மாவட்டத்தில்தான் வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஜி.எஸ்.டி. சாலை, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். என்று மூன்று சாலைகள் வழியாகச் சென்னை தெற்கே இறங்கி வந்தது. வந்த நகரத்துக்கு முதலில் நிலம் வேண்டியிருந்தது. நிலத்தை வாங்கிய பிறகு தண்ணீர் வேண்டியிருந்தது.

மாடித்தோட்டம் என்பது நம் ஊரில் தனிமனித ஆசையாக மட்டும் வளரவில்லை. தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அது மற்ற நகரங்களுக்கும் போனது. 2021-22-ல் ஆறு பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, ஆறு வகைக் காய்கறி விதை, உயிர் உரம், டிரைக்கோடெர்மா, வேம்பு மருந்து எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நல்ல திட்டம். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் பலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்குப் போன நாட்களில், காய்கறி என்பது கடையில் தானாக முளைப்பதில்லை என்பது நகரத்துக்கு ஒருமுறை உறைத்தது. உறைத்தது நிலைக்கவில்லை. இன்று பல மாடிகளில் வெளுத்துக் கிழிந்த பைகளில் காய்ந்த குச்சிகள் நிற்கின்றன. அலுவலகம் திறந்தது, செடி செத்தது.

காய்கறியும் பழமுமாக ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். முப்பது பையை வைத்துக்கொண்டு தினமும் அதை எடுத்துவிடலாம் என்று சொல்பவர் விதை விற்பவராக இருப்பார், அல்லது காணொளி எடுப்பவராக இருப்பார். இரண்டு நாளுக்கு ஒரு கைப்பிடி வெண்டை, வாரத்துக்கு ஒரு கட்டு கீரை, ரசத்துக்குக் கொத்தமல்லி, பொரியலுக்குக் கறிவேப்பிலை என்று கிடைக்கும். அது சிறிதல்ல. ஆனால் அது சமையலறைக்குத் துணை, அவ்வளவுதான். தன்னிறைவு என்ற பெரிய சொல்லை இதன் தலையில் வைத்தால் செடியும் தாங்காது, வைத்தவரும் தாங்க மாட்டார்.

கியூபாவின் கதையை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெயும் உரமும் வராமல் நின்றபோது, ஹவானா நகரத்து வெற்றிடங்களில் மேடைப் பாத்தி கட்டிக் காய்கறி போட்டார்கள். உண்மைதான். ஆனால் அங்கே பாத்தி கட்டியது தரையில், பசியின் கட்டாயத்தில், அரசு நிலத்தைக் கொடுத்து. நாம் பால்கனியில் நாலடி இடத்தில் செய்வதை அதோடு ஒப்பிட்டுக்கொள்வது நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொள்வதாகும்.

தண்ணீருக்கு வருகிறேன். விஷயத்தின் நடு அங்கேதான் இருக்கிறது.

ஓ.எம்.ஆர். ஓரத்து அடுக்குமாடிகள் பலவற்றில் குழாய்த் தண்ணீர் இல்லை, அல்லது இருப்பது போதாது. லாரி வரும். காலையில் வாயிற்காவலர் கேட்டைத் திறந்துவிடுவார். லாரிக்காரர் தடித்த குழாயை எடுத்துத் தொட்டிக்குள் விடுவார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ரசீதில் லிட்டர் இருக்கும், தொகை இருக்கும், எந்த ஊர்த் தண்ணீர் என்பது இருக்காது. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்தில் ஒரு விவசாயக் கிணற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ வந்தது. நெல் போட்டு நட்டப்படுவதைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்று கண்டுகொண்டவர் விற்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் அவர் கிணற்றை இறைக்க இறைக்கப் பக்கத்துக் கொல்லைக்காரரின் கிணறும் இறங்குகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு நகரமே லாரியின் பின்னால் ஓடியபோது, சில ஊர்களில் மக்கள் சாலையில் இறங்கி லாரியை மறித்தார்கள். அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது.

இப்போது மாடிக்கு ஏறுவோம். சித்திரை வெயிலில் ஒரு பைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். கத்தரி காய்க்கும் பருவமானால் காலை மாலை இரண்டு வேளையும் கேட்கும். முப்பது பைக்கு நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது லிட்டர். கிராமத்துக் கொல்லையில் ஒரு கத்தரிப் பாத்திக்குப் பாய வேண்டிய தண்ணீர் டீசல் எரித்து நகரத்துக்கு வந்து, மோட்டார் போட்டு நான்காவது மாடிக்கு ஏறி, பிளாஸ்டிக் பையில் நிற்கும் கத்தரிக்குப் போகிறது. அங்கே ஒரு கத்தரி காய்க்காமல் போனதால் இங்கே ஒரு கத்தரி காய்க்கிறது. இதை இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று சொல்ல நாக்கு கூச வேண்டும்.

அப்படியானால் செடியே வைக்கக் கூடாதா? வைக்கலாம். ஆனால் ஒரு முறை பயன்பட்ட தண்ணீரில் எத்தனை செடி பிழைக்குமோ அத்தனை செடி. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டுவது. கடலோரக் காற்றின் ஈரத்தில் ஒரு ஏ.சி. ஓர் இரவில் தாராளமாக ஒரு வாளியை நிரப்பிவிடும். அதில் உப்பும் இல்லை. சோப்பு கலக்காத தண்ணீராகப் பார்த்து எடுத்து வைத்தால் ஒரு சாதாரண வீட்டில் பத்துப் பன்னிரண்டு பைக்கு அது போதும். முப்பது பைக்குப் போதாது. போதாத இடத்தில் தோட்டம் நிற்க வேண்டும். நம் ஆசையின் எல்லையை நாம் வைப்பதைவிடப் பாத்திரம் கழுவும் தொட்டி வைக்கட்டும்.

இந்தச் சிக்கனத்தில் நல்லவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். ஒரு லிட்டர் குடிநீர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிற எந்திரங்கள் உண்டு. கிணற்று நீரில் இருந்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் திரண்டிருக்கிறது. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நிலத்தடி நீர் பல இடங்களில் ஏற்கெனவே உவர்ப்பு. அதைத் திரட்டி ஊற்றினால் என்ன ஆகும் என்று செடி பதினைந்து நாளில் சொல்லிவிடும். இலையின் நுனி முதலில் பழுப்பாகும். பிறகு ஓரம் முழுவதும் தீய்ந்தது போலக் காய்ந்து சுருளும். நடு நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். பையின் வெளிப்புறத்தில், தண்ணீர் கசிகிற தையல் வழியாக, வெள்ளைப் படலம் பூக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். அது உப்பு. பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு, சத்துக் குறை என்று உரம் போடுபவர்கள் உண்டு. உரமும் உப்புதான், சாவு விரைவாக வரும். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நார்க்கழிவிலும் இதே கதைதான். ஐந்து கிலோக் கட்டியை ஊற வைத்தால் உப்பி ஒரு பெரிய அண்டாவை நிறைக்கும். முதலில் வடியும் தண்ணீர் கருஞ்சிவப்பாக இருக்கும். தேங்காய் மட்டையில் இருந்த பொட்டாசியமும் சோடியமும் அதில் வருகின்றன. இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தால்தான் விதைக்கு ஆகும். ஒரு கட்டியை அப்படி அலசி எடுக்க நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். மண்ணைக் காப்பாற்ற நார்க்கழிவு, நார்க்கழிவைச் சுத்தப்படுத்த லாரித் தண்ணீர் என்று சுற்றிக்கொண்டிருப்பதைவிட, ஐப்பசியில் வாங்கி, சாக்கில் கட்டி, மாடியில் மழைக்குத் திறந்து வைத்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை செலவில்லாமல் அலசிக் கொடுக்கும். தையில் பிரித்து, செம்மண்ணும் மட்கிய சாணமும் சம அளவு கலந்து, தைப்பட்டத்துக்கு விதைக்கலாம். பொறுத்திருக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் செலவு. 2003 முதல் மழைநீர் சேமிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாயைச் சட்டத்துக்குக் காட்ட வைத்துவிட்டு மழையைத் தெருவில் விடும் வீடுகளின் மாடியிலும் தோட்டம் இருக்கிறது.

கடற்கரையில் வசிப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருகிறது. பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். கடலிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் போகிறது. உப்பை நீக்க இவ்வளவு பாடு. அதே கடற்கரையில் உப்புக் காற்றில் பீன்ஸும் கேரட்டும் வெங்காயமும் வளர்க்க ஆசைப்பட்டு நன்னீரை ஊற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். அவை மூன்றும் உப்பை அறவே தாங்காதவை. கொத்தவரை தாங்கும். காராமணி ஓரளவு தாங்கும். தண்டுக்கீரை, பீட்ரூட் தாங்கும். மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் இடையில் குடியிருப்பவர் ஊட்டியைப் பார்த்து ஏங்காமல் கொத்தவரங்காய்ப் பொரியலைச் சாப்பிடப் பழகுவதும் ஒழுக்கத்தில் சேர்ந்ததுதான். எந்த மண்ணில் இருக்கிறோமோ அந்த மண் கொடுப்பதை விரும்பக் கற்றுக்கொள்வது இளமையில் எளிது, வயதானபின் கொஞ்சம் கடினம்.

இந்தக் கரைக்கே உரிய உரம் ஒன்று உண்டு. மீன் வெட்டும் இடத்தில் கேட்டால் குடலும் செதிலும் தருவார்கள். அதே எடை வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, மூடி போட்டு நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்தால் தேன் நிறத்தில் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லிக்கு மேல் வேண்டாம். சரியாக நொதித்தால் நாற்றம் இருக்காது. பழவாடை வரும். இது பக்கத்து வீட்டுக்காரருக்கும் முக்கியமான செய்தி.

பக்கத்து வீட்டுக்காரர் என்றதும் சொல்லிவிட வேண்டிய இரண்டு விஷயம். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியக் கட்டடத் தரம் வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஒரு அடிப் பை நனைந்தால் இருபத்தைந்து கிலோவைத் தொடும், மண் மட்டும் போட்டால் நாற்பதுகூட ஆகும். எனவே நெருக்கி அடுக்காமல், சுவர் ஓரமாகவும் உத்தரத்துக்கு நேராகவும் வைக்க வேண்டும். கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கினால் அந்த வீட்டுக்காரர் சுண்டைக்காய் வற்றலை வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிட மாட்டார். இன்னொன்று, புயல். 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான். கைப்பிடிச் சுவர்மேல் வைத்த தொட்டி அந்தக் காற்றில் கீழே போகிறவர் தலைக்குக் குறி வைத்த கல். கார்த்திகை மார்கழியில் தொட்டிகளைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் வைக்காதவருக்குத் தோட்டம் போடும் உரிமை இல்லை என்பேன்.

செங்கல்பட்டு மண்ணில் நின்று விளைச்சலைப் பற்றிப் பேசினால் ஒரு பழைய கணக்கைத் தொடாமல் போக முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கிடைத்த பகுதி இது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இங்கே ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வரலாற்று ஆய்வாளர் தரம்பால் அந்த ஆவணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது, வியப்பூட்டிய செய்தி விளைச்சலின் அளவு மட்டுமல்ல. களத்து மேட்டில் நெல்லை அளக்கும்போதே கோயிலுக்கு, தச்சருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, வெட்டியானுக்கு, கணக்கருக்கு என்று பங்கு எடுத்து வைத்த பிறகே மிச்சம் உடையவருக்குப் போயிருக்கிறது. விளைந்தது முழுவதும் விளைவித்தவருடையது என்ற எண்ணமே அந்தக் கணக்கில் இல்லை.

இதைச் சொல்லிப் பழங்காலத்துக்கு மாலை போடும் எண்ணம் எனக்கு இல்லை. பங்கு யாருக்கு எவ்வளவு என்பதைச் சாதி தீர்மானித்தது. உழுதவர் பலருக்கு அடி நிலமும் கிடையாது. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையை நேரில் கண்டு எழுதிய அறிக்கைதான் அடுத்த ஆண்டு அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணைக்கு வழிவிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அது. அந்த நிலங்களில் எவ்வளவு கை மாறியது என்பது வேறு கதை. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். காரணை மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ள ஊர். இரண்டு கன அடி மண்ணை விலைக்கு வாங்கிப் பையில் அடைத்துக்கொண்டு மண்ணோடு உறவு என்று பேசுகிற நாம், இந்த மாவட்டத்தில் மண்ணுக்காக உயிர் போனதை ஒருமுறையாவது நினைக்க வேண்டும்.

பங்கு என்கிற அந்தப் பழக்கம் மட்டும், அதன் அநீதியைக் கழித்துவிட்டு, நமக்கு இன்றும் வேண்டும். ஆறு கத்தரிக்காய் காய்த்தால் இரண்டை மாடிப்படி கூட்டும் அம்மாவுக்குக் கொடுக்கலாம். மிஞ்சியதையும் சொத்தையையும் கழித்துக் கொடுப்பதை அல்ல நான் சொல்வது. முதல் காயை, நல்ல காயை. வாயிற்காவலர் ஏதோ ஒரு ஊரில் சொந்த நிலத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பார். செடியில் என்ன கோளாறு என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். காணொளியில் வராத பதில் வரும்.

மூலிகை விஷயத்தில் நாம் இன்னும் கடன்பட்டவர்கள். துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, பிரண்டை என்று நாற்றுப் பண்ணையில் ஐம்பது நூறு கொடுத்து வாங்குகிறோம். வாங்கி வைத்த தொட்டியில் மழைக்குப் பிறகு யாரும் விதைக்காமல் சில செடிகள் முளைக்கின்றன. கீழாநெல்லி முளைக்கிறது. மூக்கிரட்டை படர்கிறது. குப்பைமேனி வருகிறது, அம்மான் பச்சரிசி வருகிறது. களை என்று பிடுங்கிக் குப்பையில் போடுகிறோம். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்தின் பெண்களுக்கு இவை ஒவ்வொன்றும் பெயரோடும் பயனோடும் தெரிந்தவை. அவர்கள் மூலிகை நாற்றங்கால் வைத்து, மருந்து செய்து, அந்த அறிவையே பிழைப்பாக்கியிருக்கிறார்கள். அதே இருளர் மக்கள்தான் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது கிடைத்த நாளில் நாம் அவர்களைச் செய்தித்தாளில் பார்த்தோம். மற்ற நாட்களில் இருளர் பலர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கூலிக்கு இருப்பதைப் பார்ப்பதில்லை. மூலிகைச் செடி வாங்குவதென்றால் தண்டரைக்குப் போய் வாங்கலாம். பணம் யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குப் போகும். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொட்டியில் மூலிகை இருப்பதால் வீட்டில் வைத்தியர் இருப்பதாக ஆகாது. தெரியாத இலையைக் கசாயம் போட்டுக் குடிப்பது மரபல்ல, அசட்டுத் துணிச்சல்.

மாடித்தோட்டக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு என்னை உறுத்துகிறது. "கடைக் காயெல்லாம் விஷம் சார், நாங்க மருந்தே அடிக்கறதில்ல." அடிக்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் கத்தரியில் காய்த்துளைப்பான் விழுந்து பத்துக் காயில் ஏழு போனால் நமக்கு அன்றைக்கு வேறு குழம்பு. மதுராந்தகத்தில் அரை ஏக்கர் கத்தரி போட்டவருக்கு அதே ஏழு காய் போவது அடகுக்கடையில் வைத்த வளையல் மூழ்குவது. நட்டத்தைத் தாங்கும் வசதி இருப்பதால் வந்த தூய்மையை ஒழுக்கம் என்று எண்ணிக்கொண்டு, அந்த வசதி இல்லாதவரை விஷம் விற்பவர் என்று பேசுவது நியாயமில்லை. மருந்தைக் குறைத்து விளைவிக்கிறவரிடம் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவதுதான் அதற்கு விடை. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து விவசாயிகளிடம் பேசினார். நகரத்தார் விவசாயிகளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்.

தெருவில் கீரைக் கூடை வரும். இந்தப் பேச்சைக் கேட்காத தெரு இருக்காது.

"என்னம்மா, கட்டு இருவது ரூவாயா? போன வாரம் பதினஞ்சுதானே?"

"மழைல அழுவிப் போச்சு சார். பத்து கட்டு பறிச்சா ஆறுதான் தேறுது. பாத்துக் குடுங்க."

சிறுகீரையைப் பையில் விதைத்து, எறும்பு தூக்கிப்போன விதை போக முளைத்ததைக் காப்பாற்றி, இருபத்தைந்து நாள் தண்ணீர் ஊற்றிக் கடைசியில் ஒரு பொரியலுக்கு மட்டும் எடுத்தவருக்கு அந்த ஆறு கட்டின் பாடு தெரியும். தெரிந்தும் அவர் ஐந்து ரூபாய்க்கு இழுத்துப் பேசினால் அந்தச் செடியிடமிருந்து அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், தொட்டியில் கீரை வளர்ப்பதன் முழுப் பயன் கிடைப்பது அந்தக் கூடைக்கு முன்னால் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுக்கும் நேரத்தில்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர், சூரியன் எட்டிப் பார்க்காத அறையில் இருப்பவர், வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு திரும்புபவர், இவர்களால் செடி வைக்க முடியவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. காய்க்கும் செடிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். இல்லாத வெயிலை விலைக்கு வாங்க முடியாது. வேண்டுமானால் ஜன்னல் ஓரம் ஒரு கற்பூரவல்லி போதும். பழைய வாளி இருந்தால் அடியில் நான்கு துளை போட்டு அதிலேயே வைக்கலாம், புதுப் பை வாங்க வேண்டியதில்லை. சமையலறைக் கழிவை மட்க வைத்தால் அது செடிக்கும் ஆகும், குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் ஆகும். திடக்கழிவு விதிகளின்படி வீட்டிலேயே தரம் பிரிப்பது நம் கடமை. செடி வைக்காதவருக்கும் அந்தக் கடமை உண்டு.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி பிறப்பதற்குள் உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஒன்று நடக்கும். வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியும் லிஃப்ட் பழுதைப் பற்றியும் பேசி முடித்தபின் எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள். நம் லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது? நம் மாடி மழை எங்கே போகிறது? முதல் கேள்விக்குப் பதில் தெரியாமலும் இரண்டாவதற்குப் பதில் தெருச் சாக்கடை என்றும் வந்தால், இந்த ஆண்டு தோட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை மழைநீர்த் தொட்டிக்குக் கொடுங்கள். செடியை ஐந்து பையோடு தொடங்குங்கள்.